அவள் திரும்பிப் போகமாட்டாள்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! எதிரே கண் கலங்கி அமர்ந்திருக்கும் நடிகர்களே, விளக்குப் பிடித்த தோழர்களே, ஒப்பனை செய்த சகோதரிகளே! அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசிய, நம் தொலைக்காட்சி நிலையத்தின் நிகழ்ச்சித் தலைவர், மறைந்த நம் எழுத்தாளர் அக்காவைத் 'தொலைக்காட்சி நாடகத்தின் தாய்' என்றார். அக்கா இருந்திருந்தால், "தாயுமில்ல, பாட்டியுமில்ல. அடுத்த சீனைப் பாருங்கப்பா" என்றிருப்பார். அழுதுவிட்டுப் போகலாமென்றுதான் நானும் வந்தேன். ஆனால் தலைவர் கடைசியாக ஒன்று சொன்னாரே! 'அக்காவின் கடைசித் தொடரை எல்லாரும் மகிழும்படி முடித்து வைப்போம்' என்றாரே! யார் மகிழும்படி ஐயா?

விஷயம் இதுதான். அடித்துத் துன்புறுத்திய கணவனை விட்டு வெளியேறிய மருமகளின் கதை அது. அதன் இயக்குநர் நான். நேற்று எனக்கு நிலையத்திலிருந்து புதிய கடைசிக் காட்சி வந்தது. அதில் அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்புகிறாள். மேலே, 'கதை, வசனம்' என்று அக்காவின் பெயர்! நாளைக் காலை படப்பிடிப்பு. வயிறு எரியாதா?

அக்கா யாரென்று தெரிந்துதான் செய்கிறீர்களா? நாடகங்கள் நேரலையாகவே போன காலம். நான் அன்று கேமரா தள்ளிக்கொண்டிருந்தேன். அக்கா எப்போதும் அரங்கின் சாப்பாட்டு மேசைக்கு அடியில், தரை வரை தொங்கும் விரிப்புக்குள், நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்க உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அப்பா வேடக்காரர் பதற்றத்தில் கடைசிக் காட்சிக்குத் தாவிவிட்டார். "நகையை எடுத்தது நான்தான்!" பாதி நாடகம் மிச்சம், திருடன் அகப்பட்டுவிட்டான்! எங்களுக்கு உயிரே போய்விட்டது. அக்கா, அம்மா வேடக்காரியின் காலைக் கிள்ளினார். "நம்பாதடி. பிள்ளைக்காகப் பொய் சொல்றார்னு சொல்லு." அந்த நடிகையும் அப்படியே சொன்னார். நாடகம் பிழைத்தது. ஏன் அப்படிச் சொல்ல வைத்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். "அந்தப் பொம்பளை வேற என்னய்யா சொல்லுவா? அவ புருஷனை அவளுக்குத் தெரியாதா?" என்றார். அதுதான் அக்காவின் எழுத்து! சொல்ல மாட்டாத சொல்லை ஒரு பாத்திரத்தின் வாயில் அவர் திணித்ததே இல்லை.

என்ன ஐயா? 'இதைப் பேச இதுவா இடம்' என்கிறீர்களா? வேறு எந்த இடம்? அலுவலகத்துக்கு வந்தால் கூட்டத்தில் இருக்கிறீர்கள். இன்றும் கூட்டம்தான். உட்காருங்கள்.

இனி நான் சொல்வதை, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் மகளிடம் அனுமதி பெற்றே சொல்கிறேன். இவர் அக்கா பெற்ற மகள் அல்ல, தங்கையின் மகள். அந்தத் தங்கை அடி தாங்காமல் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு ஓடி வந்தவள். வீட்டுப் பெரியவர்கள் கூடி, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். சில வாரங்களில் அவள் பிணமாகத்தான் வந்தாள். மருத்துவமனைக் கட்டிலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னார். "அன்னைக்கு அந்த வீட்டுல நானும் வாயை மூடிட்டு நின்னேன்யா. கதையிலயாவது அவளைத் திருப்பி அனுப்பிடாதே" என்றார். கடைசிக் காட்சியை அவர் வாயால் சொல்லச் சொல்ல, எழுதிக்கொண்டவர் இந்த மகள்.

நீங்கள் அனுப்பிய காட்சியில் மருமகளின் கடைசி வசனம் என்ன தெரியுமா? 'அனுசரிச்சுப் போறேன் அத்தை.' ஐயோ! இதையா அக்காவின் பெயரில் ஒளிபரப்பப் போகிறீர்கள்?

அங்கே யார் கை தூக்குவது? மருமகளாக நடிக்கும் தங்கச்சியா? சத்தமாகச் சொல்லும்மா. "அந்த வசனத்த நான் பேச மாட்டேன் அண்ணே!" கேட்டுக்கொள்ளுங்கள் ஐயா! கேமராக்காரரும் எழுந்து நிற்கிறார். ஒப்பனை அறையே எழுந்து நிற்கிறது.

நாளைக் காலை அக்கா சொன்ன காட்சியைத்தான் எடுப்போம். வேண்டாமென்றால் வேறு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். ஆனால் அதில் அக்காவின் பெயர் இருக்கக்கூடாது. சொல்ல மாட்டாத சொல்லைப் பாத்திரத்தின் வாயில் திணிக்காத அக்காவின் வழக்கம், இனி நாங்கள் எடுக்கும் எந்தக் கதையிலும் மாறாது. இது இந்தச் சபையறிய நான் கொடுக்கும் வாக்கு.

மகளே, அழாதே அம்மா. உன்னைப் பெற்றவளைத் தடுத்து நிறுத்த அன்று யாருமே இல்லை. கதையில் வரும் இவளை நாங்கள் போக விடமாட்டோம்.