பதினெட்டாவது முகத்திலிருந்து

அண்ணி: …நேத்து நீ மேடையில எடுத்ததுல பதினேழு படம் வரைக்கும் முத்து மாதிரி இருக்கு. பதினெட்டுலேர்ந்துதான் கரி பூசின மாதிரி…

சின்னவள்: கம்ப்யூட்டர்ல வெளிச்சத்தைக் கூட்டுங்க அண்ணி. சரியாயிடும்.

அண்ணி: கூட்டாமலா இருப்பேன்? முகமெல்லாம் மண்ணு மண்ணா வருது. ஆனா பின்னாடி ஜன்னல் இருக்கு பாரு… கம்பியில பெயிண்ட் உரிஞ்சது வரைக்கும் பளிச்சுனு தெரியுது. பட்டம் வாங்கினது நர்ஸுங்களா, ஜன்னலா?

சின்னவள்: கிண்டல் பண்ற நேரமா இது?

அண்ணி: அழச் சொல்றியா? நாற்பது பொண்ணுங்க. அதுல இருபத்து மூணு பேருக்கு முகமே இல்ல. சாயங்காலம் காலேஜ்லேர்ந்து ஆள் வந்து நிப்பாங்க.

சின்னவள்: வெள்ளை யூனிஃபார்ம் அண்ணி. வெள்ளை அதிகமா இருந்தா கேமரா ஏமாந்துடும், மொத்தத்தையும் இருட்டாக்கிடும். ஜன்னல் வெயில் வேற…

அண்ணி: முதல் பதினேழு பேரும் அதே வெள்ளைதானே போட்டிருந்தாங்க?

சின்னவள்: ஒரு செட்டிங் மாத்தி வச்சிருந்தேன். ஃபோகஸ் பண்றதுக்கு சின்னதா ஒரு சிவப்புப் பெட்டி தெரியும்ல… அது எங்க உக்காருதோ அங்கயே வெளிச்சத்தையும் அளக்கச் சொல்லி, ரெண்டையும் கோத்துவிட்டேன். பெட்டி முகத்து மேல இருந்தா முகத்துக்கு ஏத்த வெளிச்சம். வெள்ளையும் ஜன்னலும் எப்படிப் போனா நமக்கென்ன?

அண்ணி: நல்ல ஏற்பாடுதானே. அப்புறம்?

சின்னவள்: பதினேழு முடிஞ்சதும் கார்டு மாத்தினேன். அப்ப கட்டைவிரல் பட்டு பெட்டி மூலைக்கு நகர்ந்திருக்கும். ஜன்னல் மேல போய் உக்காந்துடுச்சு. கேமராவும் ஜன்னலையே பார்த்து, ஜன்னலையே அளந்திருக்கு. கை தவறிடுச்சு, அவ்வளவுதான்.

அண்ணி: இருபத்து மூணு தடவையா?

சின்னவள்: அண்ணி…

அண்ணி: பெட்டி மூலையில உக்காந்திருந்தா, கேமராவுல கண்ணை வச்சதுமே தெரியாதா? உனக்கா தெரியாது?

சின்னவள்: அவசரம். ஒருத்தி இறங்கறதுக்குள்ள அடுத்தவ ஏறிடறா.

அண்ணி: இத்தனை வருஷமா வெளிச்சத்தைக் கையால திருகித் திருகி வைக்கறவ நீ. கேமராவை நம்பறவங்க சோம்பேறின்னு ஊரையே திட்டுவ. திடீர்னு எதுக்கு இந்தக் கோத்துவிடற வேலை?

சின்னவள்: வயசாகுது. சுகமா இருக்கட்டுமேன்னுதான்.

அண்ணி: நாற்பத்தாறு ஒரு வயசா? உன்னைவிட ஏழு வயசு பெரியவ நானே ரெண்டு மாடி ஏறி வரேன்.

சின்னவள்: ஏறி வந்து மூச்சு வாங்கி, அரை மணி நேரம் உக்காந்துட்டுத்தானே கம்ப்யூட்டரையே தொடறீங்க!

அண்ணி: சிரிக்காத. சரி, இதைப் பாரு. இருபதாவது பொண்ணு. இவளையாவது தேத்தலாம் போலிருக்கு. எப்படி இருக்கா?

சின்னவள்: ம்… இருட்டுதான். ஆனா நல்லா சிரிக்கறா.

அண்ணி: முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறா அவ. எத்தனை நாளா கண்ணு இப்படி?

சின்னவள்: ஸ்க்ரீன்ல ஜன்னல் வெளிச்சம் அடிக்குது, அதான்…

அண்ணி: திரைச்சீலையை நான் அப்பவே இழுத்து விட்டுட்டேன். எத்தனை நாளா?

சின்னவள்: ஆறு மாசம் இருக்கும். ஆவி படிஞ்ச கண்ணாடி வழியா பார்க்கற மாதிரி… வெயில் பட்டா இன்னும் மோசம். நேத்து மேடையில பெட்டி எங்க இருந்துச்சுன்னே எனக்குத் தெரியல அண்ணி. ஜன்னல் வெளிச்சத்துல கரைஞ்சு போச்சு. நடுவுலதான் இருக்கும்னு நினைச்சு அழுத்திக்கிட்டே போனேன்.

அண்ணி: அதுக்குத்தான் கேமராவையே அளக்கச் சொன்னியா…

சின்னவள்: என் கண்ணு செய்யற வேலையை அது செய்யட்டும்னு விட்டேன். அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. கேமராவை வாங்கிப் பூட்டிட்டு வீட்ல உக்காருன்னுடுவாரு. இதுவும் போயிட்டா நான் என்னத்துக்கு ஆவேன், சொல்லுங்க?

அண்ணி: அழாத… இந்தா, முந்தானையில துடைச்சுக்கோ.

சின்னவள்: அந்தப் பொண்ணுங்களுக்கு என்ன பதில் சொல்றது? நாலு வருஷம் படிச்சிட்டு ஒரே ஒரு தடவை மேடை ஏறினாங்க…

அண்ணி: அவங்க எங்கயும் போகல. இந்தக் கார்டுல இருக்காங்க. இருபத்து மூணு பேரும், முகத்தோட.

சின்னவள்: யாரு எடுத்தது?

அண்ணி: நான்தான். நீ ஒதுக்கி வச்ச பழைய கேமரா பையிலதானே கெடந்துச்சு. உன் பின்னாடி நின்னு எடுத்தேன்.

சின்னவள்: நீங்களா? பை தூக்கத்தானே வந்தீங்க! கேமராவைத் தலைகீழாப் பிடிக்கற ஆளு நீங்க…

அண்ணி: ஏதோ அமைஞ்சுது.

சின்னவள்: ஐயோ அண்ணி… என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க. உங்க காலைக் கும்பிடணும்.

அண்ணி: கும்பிடறது இருக்கட்டும். நாளைக்குக் காலையில கண் டாக்டர்கிட்ட போறோம். பேரு பதிஞ்சாச்சு.

சின்னவள்: வேண்டாம். டாக்டர் ஏதாவது சொல்லிட்டா அப்புறம் தூக்கம் போயிடும். நேத்து ஒருநாள் சறுக்கல், அவ்வளவுதான். போன மாசம் டீச்சரம்மா பொண்ணு பிறந்தநாளுக்கு எடுத்தேனே, அதுவும் இதே கண்ணாலதானே? படத்தைப் பார்த்துட்டு டீச்சரம்மா போன்லயே அழுதாங்க…

அண்ணி: அதை விடு.

சின்னவள்: எதுக்கு விடணும்? அதுல ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்.

அண்ணி: குறை இல்லதான்…

சின்னவள்: பார்த்தீங்களா? கண்ணு மங்கினாலும் கை மறக்கல. தினமும் அந்த ஆல்பத்தை நினைச்சுக்கிட்டுதான் அண்ணி தைரியமா கேமராவையே எடுக்கறேன். எனக்கு டாக்டர் வேண்டாம்.

அண்ணி: சொல்லவே கூடாதுன்னு இருந்தேன்டி… அன்னைக்கு நீ எடுத்ததுல ஒண்ணுகூடத் தேறல. டீச்சரம்மா பார்த்து அழுத படமெல்லாம் நான் எடுத்தது. மூணு மாசமா உன் பின்னாடி நின்னு நான்தான் எடுத்துட்டிருக்கேன். எத்தனை நாளைக்கு முடியும்? பத்து மணிக்குத் தயாரா இரு.