ஞாயிற்றுக்கிழமைக் குளிசை

பயணப் பை அடுக்குவதில் எனக்கு ஒரு கைராசி உண்டு. மன்னாரை விட்டுப் புறப்பட்டபோது மூன்று பேருடைய சீவியத்தை இரண்டு சூட்கேசுக்குள் அடக்கியவள் நான். சட்டையைச் சுருட்டி வைத்தால் கசங்காது. சவர்க்காரத்தைக் காலுறைக்குள் போட்டுவிட்டால் மற்ற உடுப்பில் மணக்காது. ஆகையால் என் மகன் யூட் பாங்கொக் போகிறேன் என்றபோது அவனுடைய பையை நான்தான் அடுக்கினேன். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

நடந்ததை ஒழுங்காக எழுதித் தரச் சொன்னீர்கள். தமிழிலேயே எழுதலாம், பொலிசில் மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றும் சொன்னீர்கள். நல்லது. கடிதம் எழுதி எனக்குப் பழக்கம். எங்கள் பள்ளிக்கூடத்து சிஸ்டர்மார் அப்படித்தான் பழக்கினார்கள்: முதல் நடந்ததை முதல் எழுது, அழுகையை விடு. ஒரேயொரு கோரிக்கை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னை என்ன செய்தாலும் யூட்டை நியூ லின்னில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து எடுக்க வேண்டாம்.

இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. படிப்பு முடிந்ததும் முதுகில் பையைக் கொழுவிக்கொண்டு வெளிநாடு சுற்றப் போவார்கள். ஓ.ஈ. என்பார்கள். சிலர் திரும்புவதே இல்லை. எதிர்வீட்டு வெள்ளைக்காரியின் மகள் அப்படிப் போய் லண்டனிலேயே நின்றுவிட்டாள். கிறிஸ்மஸுக்கு ஒரு வாழ்த்துக் காட் வரும். அதை ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டி, எனக்குப் பெருமையாகக் காட்டினாள் அந்த மனுசி. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. என் கணவர் அதற்கு முந்தின வருசம்தான் காலமாகியிருந்தார்.

தொண்ணூற்றாறில் யூட் அந்தப் பேச்சை எடுத்தான். கூடப் போவது அவனுடைய சிநேகிதன் நவின், ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழ்ப் பிள்ளை. பாங்கொக்கில் ஒரு கிழமை. பிறகு ஒருவரும் போகாத இடமாகப் பார்த்து, லாவோசின் தெற்கில் ஆற்றோரக் கிராமங்கள். அங்கிருந்து திரும்பி லண்டன்.

"எல்லாரும் போற இடத்துக்குப் போய் என்ன அம்மா கிடக்கு?" என்றான் யூட்.

"சோறு கிடக்கு. அதுதான் எல்லாரும் போகினம்" என்றேன்.

நவின் விழுந்து விழுந்து சிரித்தான். "ஆன்ட்டி, எங்க அம்மா டூத்பிரஷ்கூட எடுத்து வெக்கல. என் பேக்கையும் நீங்களே அடுக்கிக் குடுங்க லா."

"உமக்கு அம்மா இருக்கிறாதானே, தம்பி" என்று மறுத்துவிட்டேன். இன்னொருத்தி பெற்ற பிள்ளையின் பையில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. இப்படியான விசயங்களில் நான் கண்டிப்பு.

டாக்டர் மலேரியாவுக்குக் குளிசை எழுதிக் கொடுத்தார். கிழமைக்கு ஒன்று, ஞாயிறு தோறும். வெள்ளை, வட்டம், சின்னப் பிளாஸ்டிக் போத்தலில். என் எலும்புக்கு நான் எடுக்கும் கல்சியமும் வெள்ளை, வட்டம். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு அதை எடுத்து இதைப் போட்டேன். மூடியை இறுக்கிப் பையின் பக்கத்துப் பொக்கற்றில், கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன்.

நஞ்சு என்றொரு சொல்லை நீங்கள் பாவித்தீர்கள். அது பிழை. கல்சியம் நல்ல சாமான்.

எங்கள் பக்கத்தில் மலேரியா தடிமன் காய்ச்சல் மாதிரித்தான். குளிரும், நடுங்கும், வேர்க்கும், கஞ்சி குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவோம். யூட்டுக்கே சின்னதில் வந்து போயிருக்கிறது. பாங்கொக்கில் ஒரு காய்ச்சல் வரும், என்னுடைய பிள்ளை "அம்மா" என்று ரெலிபோன் எடுப்பான், நான் "வா" என்பேன், வருவான். அவ்வளவுதான் என் கணக்கு. அவனை விமானத்தில் ஏற்றுவதற்கு முன்பே புதுப் போர்வை வாங்கி அவனுடைய கட்டிலில் விரித்துவிட்டேன்.

பாங்கொக்கிலிருந்து கதைத்தான். வெயில் கொளுத்துகிறதாம், கோயிலெல்லாம் தங்கமாம்.

"நுளம்பு கடிக்குதோ?"

"கொஞ்சம்."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. "ஞாயிற்றுக்கிழமைக் குளிசை போட்டனியோ?"

"ஓம் அம்மா, போட்டனான். ஒவ்வொரு முறையும் இதையே கேக்கிறீங்கள்."

"மறந்திடாதை, ராசா" என்றேன். கல்சியத்தை ஒழுங்காக எடுத்தால்தான் பலன்.

பாங்கொக் பட்டினத்து நுளம்பு மலேரியா காவுவதில்லை என்பதைப் பிறகுதான் சொன்னார்கள். காய்ச்சல் வந்தது ஆற்றோரத்தில், றோட்டும் இல்லாத இடத்தில். யூட் ஞாயிறு தவறாமல் குளிசை போடுவதை நவின் கண்ணால் கண்டவன். ஆகவே இது மலேரியாவாக இருக்காது என்று நம்பி, தண்ணீரும் பனடோலும் கொடுத்துக்கொண்டு பொறுத்திருக்கிறான். யூட் ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் வள்ளத்திலும் லொறியிலும் ஏற்றிக்கொண்டு பாங்கொக்குக்கு ஓடியிருக்கிறான். அதற்குள் மூளைக்கு ஏறிவிட்டது. அங்கத்தைய மலேரியா வேறு இனமாம். சின்ன வயதில் இருந்த எதிர்ப்புச் சக்தியும் இந்தக் குளிர்நாட்டில் இத்தனை வருசம் இருந்ததில் போய்விடுமாம். இதையெல்லாம் டாக்டர்மார் முன்கூட்டியே தாய்மாருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

யூட் வீட்டுக்கு வந்தான். கரண்டி பிடிக்கத் தெரியாது. நடத்திக்கொண்டு போனால் நடப்பான். பேச்சில்லை, ஆனால் "அம்மா" என்பான், அது தெளிவாக வரும். சோற்றைக் குழைத்துத் தீத்துவேன். புதுப் போர்வை அளவாக இருந்தது. எதிர்வீட்டுக்காரியின் ஃபிரிட்ஜில் இந்த வருசமும் காட் தொங்குகிறது, பாவம்.

நவின் சனிக்கிழமை தவறாமல் வருவான். யூட்டுக்குச் சவரம் செய்துவிடுவான், பழைய பகிடிகளைச் சொல்வான், பிறகு குசினியில் வந்து நின்று அழுவான். "நான்தான் ஆன்ட்டி லேட் பண்ணிட்டேன். அன்னைக்கே தூக்கிட்டு ஓடியிருக்கணும்."

"நடந்தது நடந்துபோச்சு, தம்பி" என்பேன். "நான் உம்மை எப்பவோ மன்னிச்சிட்டன்."

என் பிழை ஒன்று உண்டு, அதை ஒளிக்கவில்லை. போத்தலிலிருந்து எடுத்த குளிசைகளை எறியாமல் வைத்திருந்தேன். சண்டைக் காலத்தில் ஒரு பனடோலுக்கு நாள் முழுக்க வரிசையில் நின்ற சனம் நாங்கள். நல்ல மருந்தைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது. ஒரு பழைய மைலோ மாத் தகர ரின்னுக்குள் போட்டு, குசினி அலுமாரித் தட்டின் பின்பக்கம் வைத்திருந்தேன்.

போன சனிக்கிழமை நவின் யூட்டுக்கு மைலோ கலக்கப் பாலை அடுப்பில் வைத்தான். முன்னால் இருந்த ரின் முடிந்துவிட்டது. எட்டிப் பின்னால் இருந்ததை எடுத்துத் திறந்தான். தான் தின்ற அதே குளிசை, அதே அடையாளம். அவனுக்குத் தெரியாமல் போகுமா?

"ஆன்ட்டி, இது யாரோடது?"

"யூட்டின்ர."

"அப்ப அவன் சாப்பிட்டது என்னா?"

சொன்னேன். அவன் கேட்டது அவ்வளவுதான். பால் பொங்கப் பார்த்தது. அடுப்பை நூர்த்துவிட்டு, ரின்னை எடுத்துக்கொண்டு போனான். நல்ல வளர்ப்பு. அதன்பிறகு நீங்கள் வந்தீர்கள்.

எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். குளிசையை மாற்றியது நான்தான், தெரிந்துதான் மாற்றினேன். என் பிள்ளைக்கு ஒரு தீங்கும் நினைத்தவளல்ல. எத்தனையோ பிள்ளைகள் போனார்கள், யாருடைய பிள்ளை திரும்பி வந்தான் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அவனை ஹென்டர்சனில் ஏதோ பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றத் தீர்மானமாகிவிட்டது என்று வாசலில் நின்ற பொலிஸ்காரி சற்று முன்னர் சொன்னாள். தீர்மானித்தபடி செய்யுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. அவனுடைய பையை மட்டும் நான் அடுக்கித் தருகிறேன். என்னென்ன வைக்க வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும்.