உட்கார ஆளில்லாத சீட்

மணி ஐந்தரைதான். ஆனால் இந்த ஜெர்மனியில் டிசம்பர் மாதத்து ஐந்தரை என்றால் கும்மிருட்டு. டார்ம்ஸ்டாட்டுக்கு வெளியே ஒரு ஒற்றைத் தார்ச்சாலை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த மொட்டை வயல். விளக்குக் கம்பம் கிடையாது. எதிரே ஒரு வண்டி கிடையாது. சாலை முடிகிற இடத்தில் தகர வேலி... அதற்குள்ளே வரிசை வரிசையாகச் செத்த கார்கள்.

இது ரோஹிணியின் சித்தி மகள் சரளாவுக்கு நடந்தது. நம்பாதவர்கள் ரோஹிணியையே கேட்டுக்கொள்ளுங்கள். இதோ, போர்வைக்குள் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறாள். உதய், அந்த லைட்டை அணை. எல்லோரும் ஹீட்டர் பக்கம் நெருங்கி வாருங்கள்.

சரளா நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருப்பவரின் மகள். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். இங்கே மாஸ்டர்ஸ் முடித்து, ஓடன்வால்ட் மலைப்பக்கம் ஒரு ஃபேக்டரி லேபில் வேலை. விடியற்காலை ஷிப்ட். அந்த நேரத்துக்கு அந்த ஊருக்குப் பஸ் கிடையாது. கார் ஓடினால்தான் வேலை. வேலை இருந்தால்தான் விசா. விசா போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்தக் கார், இங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயமாகச் செய்கிற பரிசோதனையில் ஃபெயில். பிரேக் நன்றாக இருக்கிறது. டயர் நன்றாக இருக்கிறது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் பெல்ட் பக்கிள் மட்டும் பிடிக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் சரிசெய்து மறுபடி காட்டவேண்டும், இல்லையென்றால் வண்டி ரோட்டில் இறங்கக்கூடாது.

சரளாவுக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அந்த சீட்டில் இதுவரை ஒரு மனிதப் பிறவி உட்கார்ந்ததில்லை. லேபில் அதே வழியாகப் போகிறவர்களிடம் "வாங்க, இறக்கி விடறேன்" என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் பல் தெரியச் சிரித்தார்கள். நன்றி சொன்னார்கள். மழையில் நடந்தே போனார்கள். உட்கார ஆளே இல்லாத சீட்டுக்கு பெல்ட் இல்லை என்று ஃபெயில் போட்டால் எரியுமா, எரியாதா?

வழி சொன்னது கீழ் வீட்டு நிசாந். இங்கேயே வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பையன், கார் மெக்கானிக்.

"ஷ்ரோட்பிளாட்ஸுக்குப் போங்கோ அக்கா. அங்க நீங்களே கழட்டி எடுக்கலாம். ஆனா ஸ்பேனர் எல்லாம் நீங்கதான் கொண்டு போகோணும்."

ஷ்ரோட்பிளாட்ஸ் என்றால் நம் ஊர்க் காயலாங்கடைதான், கார்களுக்கு மட்டும். சரளா அங்கே போய்ச் சேர்ந்தபோது மூடுகிற நேரம். கவுன்ட்டரில் இருந்தவன் கடைசி வரிசையைக் கைகாட்டிவிட்டு மறுபடி போனுக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டான்.

நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு நடந்தாள். காலடியில் கண்ணாடித் துகள்... கறுக் கறுக். ஈர இலை, பழைய ஆயில், துரு. எங்கோ ஒரு தளர்ந்த கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவளுடைய மாடல் வண்டி கடைசியில் நின்றது. முன் கண்ணாடி, பக்கத்து சீட்டின் நேரே மட்டும் சிலந்தி வலை மாதிரி விரிந்திருந்தது.

கதவைத் திறந்தாள். டேஷ்போர்டின் மேல் மூன்று பட்டை. காய்ந்த திருநீறு.

நம்ம ஆள் வண்டி.

குனிந்தாள். பக்கிள் இருந்தது. பெல்ட்டின் உலோக நாக்கும் அதற்குள் பூட்டியபடியே இருந்தது. ஆனால் பெல்ட் இல்லை. ஒரு சாண் துண்டை மட்டும் விட்டு, மீதியைக் கத்தியால் அறுத்திருந்தார்கள். மாட்டிக்கொண்ட ஆளை வெளியே எடுக்க அப்படித்தான் அறுப்பார்கள்.

அங்கேயே திரும்பியிருக்கலாம். ஆனால் அவளுக்கு வேலை வேண்டும்.

போல்ட் அசையவில்லை. பட்டறையில் துருப்பிடித்த போல்ட்டை யாரும் திட்டமாட்டார்கள். திட்டினால் போல்ட்டின் தலை மழுங்கும் என்று ஒரு பயம். குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி கொஞ்சுவார்கள். சரளா அப்பாவிடம் கேட்டுக் கேட்டு வாய்க்கு வந்த பழக்கம். ஒரு வாரமாக அவள் வாயைத் திறந்து தமிழ் பேசவில்லை. முதல் முறையாகப் பேசினாள்.

"வா கண்ணு... அடம் பண்ணாத சாமி... வந்துரு. ஊட்டுக்குப் போலாம் வா."

போல்ட் சட்டென்று இளகியது. வெண்ணெய் மாதிரி.

கூடவே ஒரு வாசனை. கோடாலித் தைலம். பிரயாணத்தில் தலை சுற்றுகிறவர்கள் பொட்டில் தேய்த்துக்கொள்வார்களே... அது.

திரும்பி வரும்போது பக்கிளைப் பக்கத்து சீட்டில் போட்டிருந்தாள். ஒரு கைப்பிடி கனம்கூட இராது. தார்ச்சாலையில் ஏறியதும் ஆரம்பித்தது.

டிங்... டிங்... டிங்...

சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் வண்டி அடிக்குமே, அந்த மணி. பக்கிளை எடுத்துப் பின்னால் எறிந்தாள். சீட் காலி. டிங்... டிங்... வீடு வரைக்கும்.

மறுநாள் பக்கிளை மாட்டினாள். அப்போதும் மணி அடித்தது. நிசாந் சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தான்.

"சென்சர் பழுதாப் போச்சு போல. சும்மா பெல்ட்டைக் கொழுவி விடுங்கோ. கத்தாது."

பெல்ட்டை மாட்டினாள். கத்தவில்லை.

அதன்பிறகு தினமும் விடியற்காலையில் காலி சீட்டுக்கு பெல்ட் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். காட்டுப்பாதை, பனி, வைப்பரின் சத்தம். சில நாள் தைல வாசனை. ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் பார்த்தாள். காலி சீட்டில் பெல்ட் சாய்மானத்தோடு ஒட்டி அல்லவா கிடக்க வேண்டும்? அது ஒட்டவில்லை. ஒரு சாண் முன்னால் தள்ளி, வளைந்து நின்றது. ஒரு உடம்பைச் சுற்றிப் போனால் எப்படி நிற்குமோ, அப்படி.

சரளா கத்தவில்லை. ஹீட்டரின் காற்றை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பிறகு மெல்லப் பேச ஆரம்பித்தாள். லேபில் எவன் என்ன சொன்னான், மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போனபோது தன்னை மட்டும் யாரும் கூப்பிடாதது... எல்லாம்.

மறு பரிசோதனை நாள் வந்தது. கடைசி வாய்ப்பு. காலி சீட்டுக்கு மணி அடித்தால் மறுபடி ஃபெயில்தான். பரிசோதகர் நரைத்த மீசைக்காரர். பக்கத்துக் கதவைத் திறந்தார். பெல்ட்டைக் கழற்றக் கையை நீட்டினார். சரளா சீட்டைப் பார்த்து உதடு அசையாமல் சொன்னாள்.

"செத்த நேரம் எறங்கி நில்லு."

பரிசோதகர் நீட்டிய கையை நிறுத்தினார். ஒரு அடி பின்வாங்கி ஒதுங்கி நின்றார். பஸ்ஸில் யாராவது இறங்கும்போது நாம் ஒதுங்குவோமே, அந்த மாதிரி. ஏன் ஒதுங்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை. முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு குனிந்து நாக்கைச் செருகினார், இழுத்தார், கழற்றினார். மணி அடிக்கவில்லை.

பாஸ். நம்பர் பிளேட்டில் புது ஸ்டிக்கர்.

சரளா வண்டியை எடுத்தாள். பக்கத்து பெல்ட் போடவில்லை. மணி இல்லை. வாசனை இல்லை. தொலைந்தது சனியன். வேலை இருக்கிறது, விசா இருக்கிறது. நாமாக இருந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பறந்திருப்போம்.

கேட் வரைக்கும் போனாள். சாரல் மழை. வண்டிக்குள் அப்படி ஒரு நிசப்தம். போன வருடம், அதற்கு முந்தின வருடம், அவள் ஒற்றையாக ஓட்டிக்கொண்டு போன அதே நிசப்தம்.

வண்டியை நிறுத்தினாள்.

எட்டி, பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தாள். மழை உள்ளே அடித்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை...

டிங்.

வீடு வந்து சேர்ந்ததும் இரண்டு பெல்ட்டையும் கழற்றினாள். அவள் வீடு மூன்றாவது மாடி. அந்தப் படிக்கட்டில் ஆள் நடந்தால்தான் விளக்கு எரியும், மாடிக்கு ஒன்றாக. சரளா தரைத்தளத்தில் சாவியைத் தேடிக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன்னால் முதல் மாடி விளக்கு எரிந்தது. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது. பிறகு மூன்றாவது. அவசரமே இல்லாமல்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அந்தக் காயலாங்கடையில் அவள் வண்டிக்கு வா என்று கூப்பிடவில்லை. வீட்டுக்கு வா என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

கதவைத் திறந்தாள். ஒற்றை அறை. இரண்டு நாற்காலி. ஒன்றில் அவள் உட்காருவாள், இன்னொன்றில் எப்போதும் துவைத்த துணி மலையாகக் கிடக்கும். துணியெல்லாம் மடித்துக் கட்டில்மேல் இருந்தது. நாற்காலி காலி. வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தது.

அதோடு காரில் மணி அடிப்பது நின்றது.

போன வாரம் ரோஹிணி அவளுக்குப் போன் செய்தாள். பொங்கலுக்கு இங்கே வா, எல்லோரும் சேர்கிறோம், எத்தனை நாள் தனியாகவே கிடப்பாய் என்று. பின்னால் தண்ணீர் கொதிக்கிற சத்தம். டம்ளர் வைக்கிற சத்தம்... ஒன்று. இன்னொன்று.

சரளா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, "சக்கரை போட்டனே, பத்தலையா?" என்றாள்.

பிறகு ரோஹிணியிடம் சொன்னாள்.

"எங்கடி வர்றது... ஊட்டுல ஆள் இருக்குதே."