சைக்கிள் குழாயில் அரிசி

காட்டிலிருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சோறு கிடைக்காதபடி, ரப்பர்த் தோட்டத்து வாசலைத் தாண்டி ஒரு பிடி அரிசிகூடப் போகக்கூடாது என்றிருந்த மலாயா அவசரகாலம். வேலை தேடி தஞ்சோங் காராங் பஸ்ஸில் போனேன். முன்சீட்டில் இருவர். ஒருவர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. மற்றவர் காட்டில் துப்பாக்கி தூக்கி, பிடிபட்டு, சிறையிலிருந்து வந்தவர். இப்போது பத்திரிகைக்குத் துப்பறியும் கதை எழுதுகிறவர்.

"ஒன் கதையில கொலைகாரன் சைக்கிள் சீட்டுக் குழாய்க்குள்ள அரிசிய ஒளிச்சுக் கேட்டைத் தாண்டுறானே, அத ஏன்யா எழுதுன?" என்றார் கிராணி.

"கதைன்னா ஒரு தந்திரம் வேணும்லா."

"போலீஸ்காரனும் படிச்சிருக்கான். நேத்து எங்க கேட்டுல எல்லா சைக்கிளையும் நிறுத்தி, சீட்டக் கழட்டிக் கவுத்துட்டான்."

"எவனாச்சும் மாட்டுனானா?"

"ஒருத்தன். காட்டுக்காரனுக்கு அரிசி கொண்டு போறான்னு போலீஸ்காரன் லோரியில ஏத்திட்டான்."

"யாரு?"

"பால்மரம் வெட்டுற முனியாண்டி."

எழுத்தாளர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் இரண்டு பாலங்களைக் கடந்தது.

"நீ காட்டுல இருந்தப்ப ஒனக்குச் சோத்துக்கு அரிசி கொண்டாந்தவன்தானே?" என்று கேட்டார் கிராணி.

"ரெண்டு வருஷம் அந்தக் குழாயிலதான் கொண்டாந்தான். ஜெயில்ல நகத்தப் புடுங்குனப்பகூட அவன் பேர நான் சொல்லல."