பன்னிரண்டு மாதத் தண்ணீர்

கான்ஃபரன்ஸில் கழுத்தில் மாட்டிவிடுகிற பேட்ஜ் எப்போதும் புறம் திரும்பித்தான் கிடக்கும், சார். ஒற்றைக் கயிற்றில் தொங்குவதால் அப்படி. பெயர் நம் நெஞ்சைப் பார்த்து இருக்கும், வெள்ளை அட்டை ஊரைப் பார்த்து இருக்கும். நாள் முழுக்க நான் அதைத் திருப்பித் திருப்பி விட்டுக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் யாரும் அதைத் தொடக்கூட இல்லை. அவர்கள் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நடந்ததை முதலிலிருந்து எழுதிக்கொடு என்றீர்கள். மலையாளம் நன்றாகப் பேசுவேன். ஆனால் பாறசாலையில் தமிழ்ப் பள்ளியில் படித்தவன், எழுத்து தமிழில்தான் வரும். மொழிபெயர்க்க ஆள் உண்டு என்று சொன்னீர்கள். அவருக்குச் சிரமம் வராதபடி நேராகவே எழுதுகிறேன்.

என் பெயர் விஜயதாஸ். வயது நாற்பத்தைந்து. நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக கெமிஸ்ட். தண்ணீர், எண்ணெய், மசாலாப்பொடி, எது வந்தாலும் அதில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்து சொல்வது வேலை. அப்பா கருங்கல் குவாரியில் கல் உடைத்தார். அம்மா ஜல்லி சுமந்தாள். அவர்கள் கையைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் என் கையில் எந்த வேலையும் கோணலாகப் போனதில்லை.

அப்பாவுக்கு யாரையும் பழக்கம் பிடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. காலையில் சாயக்கடைக்குப் போவார். "எலே, நாளைக்கு எங்க வேல உண்டு?" என்று பொதுவாக ஒரு கேள்வி கேட்பார். நாலு பேர் பதில் சொல்வார்கள். கல் உடைக்கிறவனுக்குக் கல் உடைக்கிறவனைத் தெரியும். என் தொழிலில் அப்படி இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை பெரிய ஹோட்டலில் கூடுவார்கள். அங்கே போனவன் கெமிஸ்ட். போகாதவன் மெஷின் ஓட்டுகிறவன்.

ஒவ்வொரு வருஷமும் எங்கள் கூடத்துக்கு அழைப்பு வரும். முதலில் முதலாளி ராஜதாஸ் சார் போய்க்கொண்டிருந்தார், பிறகு அவர் மருமகன் சஜன். சஜன் எம்.பி.ஏ. படித்தவன், ஈயத்துக்கும் தகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. நானும் வரட்டுமா என்று கேட்டால், "விஜயதாஸே, நீயும் போனா மெஷின ஆரு பார்க்க?" என்பார் ராஜதாஸ் சார். தோளில் தட்டித்தான் சொல்வார். சஜன் அங்கே போய்க் காட்டிய எண்கள் எல்லாம் நான் அளந்தவை. ஒருமுறை திரும்பி வந்து, "அண்ணா, நம்ம வேலைக்கு நல்ல கைதட்டாக்கும்" என்றான். நம்ம என்றான்.

போன வருஷம் ஜனவரி முதல் ஞாயிறு, என் தங்கை லிஜா வீட்டுக்குப் போயிருந்தேன். இஞ்சிவிளைக்குப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அவள் வீடு. புருஷன் ஷிஜு விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கல் ஏற்றுகிற டிப்பர் ஓட்டுகிறான். ஒரே மகள் அபிஷா, ஆறு வயது. புறப்படும்போது லிஜா பழைய கோலா பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் பிடித்துத் தந்தாள்.

"மேல ரப்பர் விளையில பேட்டரி உடைக்கிய ஷெட்டு வந்த பெறவு வெள்ளத்துக்கு ஒரு ருசி மாற்றம் உண்டு அண்ணா. ஒண்ணு பாத்துச் சொல்லு."

அளந்து பார்த்தேன். ஈயம் இருந்தது. ஒரு லிட்டரில் 0.01 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது கணக்கு. இதில் 0.06. என் கை சுத்தமில்லையோ என்று மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் அதேதான். அந்த வாரம் கொச்சியில் கான்ஃபரன்ஸ். சஜனின் மனைவிக்குப் பிரசவ நேரம், அதனால் என்னைப் போகச் சொன்னார்கள். போய்வந்து லிஜாவிடம் சொல்லலாம் என்று இருந்தேன். இதை நீங்கள் நம்பினாலும் இல்லையென்றாலும் அதுதான் உண்மை.

நிகழ்ச்சி நிரலிலேயே போட்டிருந்தார்கள், நாலரை முதல் ஐந்தரை வரை நெட்வொர்க்கிங் என்று. பாறசாலை ஜங்ஷனில் நூறு கார்டு அடித்துக் கொண்டு போயிருந்தேன். அங்கே வட்டம் வட்டமாக நிற்பார்கள், சார். தூரத்திலிருந்து பார்த்தால் வட்டத்தில் ஒரு ஆள் நிற்க இடம் இருக்கும். கிட்டப் போனதும் இடம் இருக்காது. யாரும் நகர்ந்தது போலவும் தெரியாது. ஒருவர் என் கார்டை வாங்கினார், பேசிக்கொண்டே கட்லெட் எண்ணெயை அதில் துடைத்தார். வேண்டுமென்று செய்யவில்லை, அதில் ஒரு ஆள் பெயர் இருந்தது அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பத்தொன்பது வருஷம் நான் ஏங்கியது இந்த மண்டபத்துக்குள் ஒரு கப் சாயா குடிக்க. அதைத் தனியாகத்தான் குடித்தேன்.

கடைசியில் ஹைதராபாத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், தனியாக நிற்கிறேனே என்று இரக்கப்பட்டோ என்னவோ, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். வேறொன்றும் கைவசம் இல்லை. அந்தக் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் கப்பைக் கீழே வைத்தார். அந்த மண்டபத்தில் எனக்காக ஒருவர் கப்பைக் கீழே வைத்தது அதுதான் முதல் தடவை.

ஒற்றை எண்ணை வைத்து ஒன்றும் பேச முடியாது என்றார். ஒரே கிணறு, மாதாமாதம், பன்னிரண்டு அளவு, இடையில் யாரும் கைவைத்து மாற்றாத கிணறாக இருக்க வேண்டும். அதைக் கொண்டுவந்தால் அடுத்த வருஷம் மேடையில் பேச இடம் வாங்கித் தருகிறேன் என்றார். பிறகு, கிணறு புழக்கத்தில் உள்ளதா என்று கேட்டார்.

கைவிட்ட கிணறு என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். புழக்கத்தில் உண்டு என்றால், அவர்களிடம் சொல்லிவிட்டாயா என்பார். சொல்லிவிட்டால் கிணற்றை அடைப்பார்கள். பேச்சு அங்கேயே தீர்ந்து, அவர் கப்பை மறுபடி எடுத்திருப்பார். அதனால்.

ஊருக்கு வந்ததும் லிஜா கேட்டாள். "கொள்ளாம், குடிக்கலாம்" என்றேன். "எனக்கு அண்ணன் சொன்னா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். அவளோடு எனக்கு எந்தப் பிணக்கும் இல்லை. அப்போது நான் நினைத்தது இதுதான்: ஒரு பாட்டில் தண்ணீரைக் காட்டி அந்த ஷெட்டை யாராலும் அடைக்க முடியாது. ஒரு வருஷக் கணக்கைக் காட்டினால் முடியும். டிசம்பரில் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வது அவளுக்கும் நல்லது.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போவேன். கயிறு விட்டு, தண்ணீர் கிணற்றின் எத்தனையாவது சிமெண்ட் உறையில் நிற்கிறது என்று குறிப்பேன். இரண்டு பாட்டில் எடுப்பேன். எதற்கு மாசாமாசம் என்று ஷிஜு கேட்டான், கம்பெனியில் ஒரு சோதனைக்கு நல்ல தண்ணீர் வேணும் என்றேன். "அப்போ நம்ம கிணறு சாம்பிளாக்கும்" என்று பெருமையாகச் சிரித்தான். மார்ச்சில் அவன் பைப்பு கனெக்‌ஷனுக்கு எழுதிக் கொடுக்கப் போனான். நான்தான் தடுத்தேன். பைப்புத் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கும் என்றேன். அவர்கள் இறைப்பதை நிறுத்தினால் கிணற்றின் போக்கு மாறிவிடும், அதுவரை எடுத்த மூன்று அளவும் வீண்.

ஜூனில் மழை தொடங்கியதும் அளவு குறையும் என்று எதிர்பார்த்தேன். ஏறியது. ஷெட்டுக்காரன் ஆசிட்டையும் கழிவையும் கொட்டிய குழி வழியாக மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வரைபடத்தில் யாரும் எதிர்பார்க்காத வளைவு அது. அன்று மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஹைதராபாத்துக்காரர் இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டிலில் ஒட்டும் லேபிளில் மாதத்தின் எண்ணை எழுதுவது அபிஷாவுக்குப் பிடிக்கும். "மாமா, நான் எழுதட்டா" என்று ஓடி வருவாள். ஜூனில் எழுதிய ஆறு நன்றாக இருந்தது. ஏழு கொஞ்சம் சாய்ந்தது. செப்டம்பரில் ஒன்பதைப் போட மூன்று லேபிள் பாழானது, கை நிற்கவில்லை. அந்த லேபிள்கள் கூடத்துக் குளிர்பெட்டியில் பாட்டில்களோடு இருக்கின்றன, எடுத்துக்கொள்ளலாம். நான் கவனித்தேன். ஆனால் என் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆகஸ்டிலேயே பிள்ளைக்கு வயிற்று வலி, வெளுப்பு, பள்ளியில் தலை சாய்த்துத் தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினாள். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் ஈறில் நீலக் கோட்டைப் பார்த்துவிட்டு, வீட்டுத் தண்ணீரில் ஈயம் பார்க்கவும் என்று சீட்டு எழுதினார். கெட்டிக்கார டாக்டர். லிஜா சீட்டோடும் பாட்டிலோடும் கூடத்துக்கே வந்தாள். அன்று அளவு 0.33. நான் அடித்துக் கொடுத்த ரிப்போர்ட்டில், ஈயம் கண்டறியப்படவில்லை என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு இரும்புச்சத்து டானிக்கும் பூச்சிமருந்தும் எழுதினார்.

ஒரு வித்தியாசத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ரிப்போர்ட் என்பது கேட்டு வந்த ஆளுக்குக் கொடுக்கிற காகிதம். டேட்டா என்பது வேறு. என் டேட்டாவில் ஆகஸ்ட் 0.33 என்றுதான் இருக்கிறது. அதில் நான் ஒருநாளும் கைவைத்ததில்லை.

நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை, வலிப்பு நிற்காமல் மெடிக்கல் காலேஜில் அபிஷா இறந்துபோனாள். சனிக்கிழமை அடக்கம். சர்ச்சிலிருந்தும் இரண்டு பக்கத்து ஊரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கிணற்றிலிருந்துதான் இறைத்து சாயா போட்டார்கள். எனக்கும் ஒருவர் கொண்டுவந்தார், இப்போதுதான் குடித்தேன் என்றேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் கிணற்றடிக்குப் போனேன். லிஜா அடுக்களை வாசலில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். "லேபிள் எழுத ஆளில்லையே அண்ணா" என்றாள். நானே பதினொன்று என்று எழுதினேன்.

தண்ணீர் வழக்கத்தைவிட மூன்று உறை கீழே நின்றது. எந்த அளவு வழக்கத்துக்கு மாறி வந்தாலும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முறை. குறிப்புக் கட்டத்தில் 'அதிக இறைப்பு' என்று எழுதினேன்.

இந்தப் பிப்ரவரியில் மேடையில் பேசினேன். பன்னிரண்டு நிமிஷம். கைதட்டினார்கள். அது என் வேலைக்குக் கிடைத்தது, நம்ம வேலைக்கு அல்ல. கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். டாக்டர் சிஜி, பெங்களூரில் மருந்துக் கம்பெனியில் இருக்கிறாள். வளைவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அட்டவணையின் கடைசியில் உள்ள குறிப்புக் கட்டத்தைப் படித்திருக்கிறாள். கைவிட்ட கிணற்றில் நவம்பரில் இறைத்தது யார் என்று கேட்டாள். மேடையில் இருந்தவர் நேரமாகிவிட்டது என்று முடித்துவைத்தார்.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் நான் எழுதிய ஒரு அட்டவணையைக் கடைசிக் கட்டம் வரை படித்த முதல் ஆள் அவள். சாயா நேரத்தில் அவளே என்னைத் தேடி வந்தாள். வட்டம் எதுவும் இல்லை, நானும் அவளும் மட்டும்.

"அண்ணா, எனக்கு ஊரு கள்ளிக்காடாக்கும். அது ஆரு வீட்டுக் கிணறு?" எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே கேட்டாள். அந்த ஹோட்டலில் அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்ததும் எதையும் மறைக்கத் தோன்றவில்லை.

"எனக்க தங்கச்சி வீடு."

"நவம்பர்ல அங்க என்ன விசேஷம்?"

"ஒரு அடக்கம். தங்கச்சிக்க பிள்ளை."

அவள் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தாள். "அண்ணன் அந்த வீட்டுல சாயா குடிக்கது உண்டா?"

"போன வருஷம் ஜனவரிக்குப் பெறவு இல்ல" என்றேன். கேள்விக்கு நேரான பதில் அது. கார்டு கொடுத்தேன். துடைக்கவில்லை, மடக்கவில்லை, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பையில் பத்திரமாக வைத்தாள். அந்தக் கார்டுதான் இப்போது உங்கள் மேஜையில் கவருக்குள் இருக்கிறது.

ஆகவே நீங்கள் கேட்டதற்கு என் பதில்: தெரியும். தண்ணீரில் என்ன இருந்தது என்று தெரியும், எவ்வளவு என்று மாதாமாதம் தெரியும், ஆறு வயதுப் பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று படித்திருக்கிறேன். தெரிந்துதான் குடிக்கச் சொன்னேன். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். லிஜாவும் ஷிஜுவும் நீங்கள் வந்து கிணற்றை அடைத்த காலைவரை அதையே குடித்தார்கள். டிசம்பரில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் மேடையில் பேச நாள் கொடுத்துவிட்டார்கள்.

என் போன் உங்களிடம் இருக்கிறது. டாக்டர் சிஜி கூப்பிட்டால் தயவுசெய்து என்னிடம் கொடுங்கள். கிணற்றை அடைத்தபின் அளவு எப்படி இறங்குகிறது என்று இன்னொரு வருஷம் எடுக்க வேண்டும், அதை இரண்டு பேருமாகச் சேர்ந்து எழுதலாம் என்று அவளிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.