பக்கம் மாறி உக்காருங்க

இல்ல இல்ல, நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. பொண்ணைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கீங்க, லீவு விடறதுக்கு முன்னாடியே, இப்பவே. அதுக்குத்தான் வர்றேன் சார். மொதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். பசங்க அதுல உக்காந்து ஊஞ்சல் ஆடியே அப்படி ஆக்கிட்டாங்க. இதுல உக்காருங்க. ராத்திரிதானே பிளைட்டு, நேரம் இருக்கு.

ஹெச்.எம். ரூம் பூட்டியிருக்குன்னு பியூன் சொல்லியிருப்பார். வெளிய போயிருக்காங்க, அதான் எங்கிட்ட அனுப்பினார். நான் அவளுக்கு கிளாஸ் டீச்சர் இல்ல. வாரத்துக்கு ரெண்டே பீரியட். மதம், நன்னெறி, குடிமை, மூணையும் ஒரே பொட்டலமாக் கட்டி என் தலையில வெச்சிருக்காங்க. பசங்க எனக்கு வெச்ச பேரு கடவுள் டீச்சர். வீட்டுல சொல்லியிருப்பாளே. சொல்லலையா? சரி. பரீட்சை வந்துட்டா கணக்கு சார் வந்து நிப்பார், நன்னெறிதானே டீச்சர், அப்புறம் பாத்துக்கலாம்னு. அவர் வாங்கிட்டுப் போன பீரியட் திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல.

தெரியும் சார், கீழ கார் நிக்குது. முன் சீட்டுல இருக்கறது உங்க அண்ணன், அவளோட பெரியப்பா. அவர் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். ஸ்கூல் பக்கத்துல அடிக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கோம், யார் படிக்கறா.

இந்த ஜன்னல் கண்ணாடி நீங்க போட்டது, ஞாபகம் இருக்கா? பந்து பட்டு ஒடைஞ்சப்போ நீங்களே வந்து அளவெடுத்து, கடையில வெட்டிக் கொண்டாந்து பொருத்தினீங்க. ஒரு நூல் கூடத் தப்பல. அன்னிக்கு அவ எட்டி எட்டிப் பாத்து, எங்கப்பா எங்கப்பான்னு பக்கத்துப் பொண்ணு கையைக் கிள்ளிட்டே இருந்தா. அதை உங்ககிட்ட சொல்லணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

சுத்தி வளைக்கறேன்தான். என்ன பண்றது, என் தொழில் அப்படி. நீங்க போன பெற்றோர் கூட்டத்துல எழுந்து கேட்டீங்க, எல்லா மதத்தையும் சொல்லிக் குடுத்து பசங்க மனசைக் கலைக்கறீங்களேன்னு. அன்னிக்கு பதில் சொல்ல விடல யாரும். நான் எதையும் நம்புன்னும் சொல்றதில்ல, நம்பாதேன்னும் சொல்றதில்ல சார். அடுத்தவன் நம்பறதை, அவனே சொன்னா எப்படிச் சொல்லுவானோ அப்படிச் சொல்லத் தெரியணும். அவ்ளோதான் என் பாடம். அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கேன். கிளாஸை ரெண்டு பக்கமாப் பிரிப்பேன். ஒரு தலைப்பு குடுப்பேன். இந்தப் பக்கம் சரிம்பாங்க, அந்தப் பக்கம் தப்பும்பாங்க. நல்லா சூடு பிடிக்கறப்போ மணி அடிச்சிடுவேன். எல்லாரும் எழுந்து பக்கம் மாறி உக்காரணும். இவ்ளோ நேரம் எதைக் கிழிகிழின்னு கிழிச்சாங்களோ, அதுக்கே வக்காலத்து வாங்கணும். ஒரே கூச்சல், சிரிப்பு, பெஞ்சு இழுக்கற சத்தம். கீழ் கிளாஸ் டீச்சர் சண்டைக்கே வந்துடுவாங்க. ஆனா இத்தனை வருஷத்துல ஒரு பையன், ஒரு பொண்ணு வாயடைச்சு நின்னதில்ல. அந்த வயசுல வாய்க்கு என்ன பஞ்சம்.

போன மாசம் ஒரு தலைப்பு. பிள்ளைங்க வாழ்க்கையை வீட்டுப் பெரியவங்க முடிவு பண்றதுதான் நல்லது. உங்க பொண்ணு சரிங்கற பக்கம். என்ன பேச்சுங்கறீங்க. எங்கப்பா கண்ணாடி வெட்டும்போது எங்களைக் கிட்டயே விடமாட்டார், சில்லு எங்க தெறிக்கும்னு அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது, பெரியவங்கன்னா அதுதான், அப்படின்னா. கிளாஸே கை தட்டுச்சு. நானும் தட்டினேன். அப்புறம் மணி அடிச்சேன்.

அந்தப் பக்கம் போய் உக்காந்தா. அவ முறை வந்துச்சு, எழுந்தா. பேசல. மேஜை விளிம்பைப் பிடிச்சுட்டு அப்படியே நின்னா. நடிக்கறான்னு நெனச்சு பசங்க சிரிச்சாங்க. கொஞ்ச நேரத்துல அந்தச் சிரிப்பும் அடங்கிப் போச்சு. நான்தான் உக்காரும்மான்னேன்.

இருங்க சார், எழுந்துக்காதீங்க. போன் அடிக்குது, எடுங்க. அண்ணன்தானே? இதோ வந்துடறேன்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்களா? நல்லது.

பீரியட் முடிஞ்சு எல்லாரும் போயாச்சு. இவ மட்டும் போர்டைத் துடைக்கறேன்னு நின்னா. துடைச்ச இடத்தையே துடைச்சிட்டிருந்தா. ஏம்மா, உனக்கா பேச்சு வரலைன்னு கேட்டேன். திரும்பிப் பாக்காமயே சொன்னா, அந்தப் பக்கம் பேச ஆரம்பிச்சா எனக்கு நிறுத்த வராது டீச்சர்னு.

அப்புறம் எல்லாம் வந்துச்சு. ஊர்ல பெரியப்பா பாத்து வெச்சிருக்கற மாப்பிள்ளை, அவருக்கு இவளைப் போல ரெண்டு மடங்கு வயசு. அத்தைக்கு உடம்பு முடியல, பாத்துட்டு வந்துடறோம்னு ஸ்கூல்ல சொல்லிக்கறது. அவளுக்கு மட்டும் திரும்பி வர டிக்கெட் இல்ல. பதினஞ்சு வயசு சார். இல்லைன்னு சொல்லாதீங்க. அத்தைக்கு இப்ப எப்படியிருக்குன்னு நான் கேட்டா, நீங்க ஒரு பொய் சொல்ல வேண்டி வரும். அதனாலதான் கேக்கல.

சத்தம் போடுங்க, பரவால்ல. உங்க வீட்டு விஷயம், சரி. நான் அடுத்தவங்க வீட்டுல மூக்கை நுழைக்கறவ, அதுவும் சரி. எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொல்றார். ஆனா பாருங்க, இந்த வருஷப் பாடத்துலயே இருக்கு, உனக்கு இஷ்டமில்லாததுக்கு உன்னைக் கட்டாயப்படுத்தினா நீ யார்கிட்ட போகணும்னு. அதை நான்தான் சத்தமாப் படிச்சு சொல்லிக் குடுத்தேன். கேட்டுட்டு ஒருத்தி வந்து நிக்கறா. அது பரீட்சைக்கு மட்டும்தாம்மான்னு சொல்லி அனுப்பவா?

இந்த சாக்பீஸை ஒடைச்சு ஒடைச்சே பொடியாக்கிட்டேன் பாருங்க. உங்களுக்கு பயந்து இல்ல. சரி, கொஞ்சம் பயந்துதான். ஆனா உங்களை நெனச்சா வருத்தமாவும் இருக்கு. வேணாம்ணே, படிக்கட்டும்ணேன்னு ஒரு தடவை அவர்கிட்ட சொன்னீங்களாமே. சமையலறையில நின்னு கேட்டாளாம். அப்பா ஏன் ரெண்டாவது தடவை சொல்லலைன்னுதான் அவளுக்கு விளங்கல. அதை நான் உங்ககிட்ட கேக்கல. எனக்கு ஒரு அண்ணன் இருக்கார், எனக்கும் தெரியும்.

கதவு பூட்டல சார், தாராளமாப் போகலாம். அவ கிளாஸ் இதுக்கும் மேல் மாடியில, படி ஏறினதும் மூணாவது ரூம். ஆனா அவ அங்க இல்ல. ஸ்கூல்லயே இல்ல. நீங்க வந்ததிலருந்து, இதோ வர்றான்னு நான் ஒரு தடவை கூட சொல்லல, யோசிச்சுப் பாருங்க. காலையிலயே குழந்தைகள் நல ஆபீஸ்லருந்து ஒரு அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஹெச்.எம்.மும் கூடப் போயிருக்காங்க. எங்கன்னு எங்கிட்ட சொல்லல. என் வாய் அவங்களுக்கும் தெரியும் போல. பத்திரமா இருக்கா, அது மட்டும் சத்தியம்.

உங்களுக்கு ஆபீஸ்லருந்து போன்லதான் சொல்றதா இருந்தாங்க. வண்டியில ஏறப் போனவ திரும்ப எங்கிட்ட ஓடி வந்தா. பெரியப்பா பக்கத்துல இருக்கும்போது அப்பாவுக்குத் தெரிய வேணாம் டீச்சர், அவர் எதிர்ல அப்பாவால அழக்கூட முடியாதுன்னா. அதான் உங்களை மட்டும் மேல அனுப்பச் சொல்லி பியூன்கிட்ட சொல்லி வெச்சேன். நான் வெளிய வராந்தாவுல நிக்கறேன் சார். யாரையும் உள்ள விடமாட்டேன்.