வேலிக்கு வெளியே பூத்தவை

காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் கிளம்பினேன். எனக்கு அவசரமில்லை ஐயா, நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள். அடித்துத் திருத்தினால் பார்க்க அசிங்கமாக இருக்கும்.

குன்றின் கிழக்குச் சரிவில் இருக்கும் வேலிக்கு நான் காவலன். வேலிக்குள் இருப்பது இடுப்பு உயரப் புதர்ச்செடி. வருடத்தில் மூன்று வாரம் ரத்தச் சிவப்பாகப் பூக்கும். இந்தக் குன்றின் சொந்தச் செடி, உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று பலகை போட்டிருக்கிறது. பலகையின் கீழ்வரியில் என் பதவியும் இருக்கிறது. நான் பொறுப்பேற்றபோது பத்தொன்பது செடிகள். இருபத்திரண்டு வருடம் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியதில் இப்போது பதினொன்று. மண் சரியில்லை.

என் காவலில் யாரும் குறை சொல்ல முடியாது. ஓர் ஆட்டை உள்ளே விட்டதில்லை. வேலியைச் சுற்றி ஆறடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். எந்தக் கோடையிலும் ஒரு பொறிகூட உள்ளே போனதில்லை. என் மனைவி அந்தச் செடியைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். "உங்க மூத்தாளுக்கு உடம்பு சரியில்லையா, உங்க முகம் வாடியிருக்கே" என்று சோறு போடும்போது கேலி செய்வாள். எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை.

சகலை, அதாவது என் மைத்துனியின் கணவர், நில அளவையாளர். தங்கமான மனிதர். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். போன கோடையில் மேற்குச் சரிவை அளக்கப் போனவர், எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, உங்க ராணியம்மா அந்தப் பக்கம் சொந்தபந்தத்தோட குடியிருக்காங்க. நூத்துக்கணக்குல இருக்கு. ஆடு மேயுது, மாடு மிதிக்குது, அது பாட்டுக்கு இருக்கு."

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்போ இவருக்கு வேலை போச்சுன்னு சொல்லுங்க."

"அறிக்கையில எழுதிடறேண்ணே. நல்ல சேதிதானே?"

நல்ல சேதிதான். நானும் சிரித்தேன். ஆனால் நூற்றுக்கணக்கில் இருப்பதை யார் அரிது என்பார்கள்? வேலி போகும், பலகை போகும். எங்கிருந்தெல்லாமோ தேடி வந்து என்னிடம் தணிந்த குரலில் சந்தேகம் கேட்கிறவர்கள் வரமாட்டார்கள். ஆடு மேய்கிற செடிக்கு இருபத்திரண்டு வருடம் காவல் நின்ற புத்திசாலி என்று பார்க்கிறவனெல்லாம் சொல்வான். அதை என்னால் தாங்க முடியாது ஐயா. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அறிக்கை என்றால் சரியான எண்ணிக்கை வேண்டும் என்றேன். உடனே ஒப்புக்கொண்டார், அளக்கிறவர் இல்லையா. மறுநாள் மதியம் இருவரும் போனோம். புல் காய்ந்து முறுகிக் கிடந்தது. அவரை உச்சியிலிருந்து எண்ணச் சொன்னேன், நான் அடிவாரத்திலிருந்து எண்ணி வருவதாகச் சொன்னேன். தீ சரிவில் ஏறுகிற வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. புதிதாகச் சேரும் காவலர்களுக்கு நான் எடுக்கும் முதல் பாடமே அதுதான்.

"இங்க நானூத்திப் பன்னெண்டு" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார். "உங்களுக்கு எவ்வளவுண்ணே?"

காற்று மேல்நோக்கித்தான் வீசியது. நான்கு இடத்தில் பற்றவைத்தேன். பிறகு வேலிக்குத் திரும்பி, தீத்தடுப்புக் கோட்டை ஒரு தடவை சரிபார்த்தேன்.

அவர் சிகரெட் பிடிப்பவர். அணைக்காமல் போட்டிருப்பார் என்று நீங்களே வழக்கை எழுதி முடித்தீர்கள், நான் குறுக்கே பேசவில்லை. அவர் பார்த்தது வேறு ஏதோ செடி என்று மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு எல்லாச் சிவப்புப் பூவும் ஒன்றுதான். மைத்துனி எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

மழை வந்தது. எரிந்த சரிவு முழுவதும் அதே செடியின் முளை கிளம்பியது. ஆயிரக்கணக்கில், கால் வைக்க இடமில்லாமல். தாவர ஆய்வாளர் அம்மா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, அந்தச் சாம்பலிலேயே உட்கார்ந்து அழுதார், சந்தோஷத்தில்.

"இந்த விதையோட ஓடு தீ பட்டாத்தாங்க வெடிக்கும். தீயே அண்டாம வெச்சிருந்தா, இருக்கிறது கிழடுதட்டி ஒண்ணொண்ணா போயிடும். உங்க வேலிக்குள்ள நடந்தது அதுதான்."

படித்தவர்கள் ஏதாவது சொல்வார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஆனால் அடுத்து வந்த சேதியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அந்தச் சரிவுக்குச் சகலையின் பேரை வைக்கப்போகிறார்களாம். உயிரைக் கொடுத்து ஓர் இனத்தையே பிழைக்க வைத்தவராம். மைத்துனி அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டி, "அவர் போனது வீண்போகல மாமா" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான், யாரும் கூப்பிடாமல் நானே வந்திருக்கிறேன். சிகரெட் இல்லை ஐயா, நான் வைத்த தீ. காற்றைப் பார்த்து, சரிவைப் பார்த்து, வேண்டுமென்றே வைத்தது. இதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், நான் மறுக்கப்போவதில்லை. அந்தப் பேரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். செடிகளை எண்ணுவதற்கு உதவியவர் என்று, சகலையின் பேரைக் கீழே சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளட்டும்.